குற்றவாளி வீடா, வீட்டுக்காரரா?

"கதையெல்லாம் சரி, இதில் மான்ஸ்டர் எங்கே?" என்று கேட்டாராம் சாமுவேல் ஆர்காஃப். பணம் போடுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். அவருடைய அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் கம்பெனி பிழைத்ததே மான்ஸ்டர்களை வைத்துத்தான். கடலிலிருந்து ஒன்று வரும், விண்வெளியிலிருந்து ஒன்று வரும். காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்க வரும் இளவட்டங்களுக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு இயக்குநர் ரோஜர் கோர்மன் வந்து, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய ஒரு சிறுகதையைக் கலரில், சினிமாஸ்கோப்பில், ஹவுஸ் ஆஃப் அஷர் என்ற படமாக எடுக்கலாம் என்கிறார். பாழடைந்த ஒரு வீடு, சீக்காளி அண்ணன், சீக்காளித் தங்கை. அவ்வளவுதான் கதை. ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வர அதில் ஆளே கிடையாது. கோர்மன் சளைக்கவில்லை. "வீடுதான் மான்ஸ்டர்" என்றார்.

ஆர்காஃப் ஒத்துக்கொண்டார். கொடுத்த வாக்கைப் படத்தில் எங்காவது காப்பாற்ற வேண்டுமே? அதற்காகவே வீடு உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது என்ற பொருளில் ஒரு வசனம் சேர்க்கப்பட்டது. அதைப் பேச வேண்டிய நடிகர், அண்ணனாக வரும் வின்சென்ட் பிரைஸ், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். இந்த வசனம் இருப்பதால்தான் நமக்குப் படம் கிடைத்தது என்று கோர்மன் உள்ளதைச் சொல்லிவிட்டார். பிரைஸும் புரிந்துகொண்டு, வேதவாக்கு மாதிரி அதைப் பேசி முடித்தார்.

கோர்மன் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. ஹவுஸ் ஆஃப் அஷர் படத்தின் திறவுகோலே இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அதைப் பேய்ப்படமாகப் பார்ப்பதில்லை, துப்பறியும் கதையாகத்தான் பார்க்கிறேன். ஒரு பெண் சாகிறாள். அவளைக் கொன்றது முன்னோர் சேர்த்துவைத்த பாவமா, அந்தப் பாவத்தைச் சொல்லிச் சொல்லியே வாழ்ந்த அண்ணனா? முதலாளியைச் சமாதானப்படுத்த எழுதிய வசனம், கதைக்குள்ளே குற்றவாளிக்கு அருமையான சாக்காகிவிடுகிறது. நான் இல்லை, வீடு. நான் இல்லை, ரத்தம். (முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன். 1960இல் வந்த படம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

பாஸ்டனிலிருந்து பிலிப் வின்த்ராப் என்ற இளைஞன், தான் கட்டிக்கொள்ளப்போகும் மேடலினைத் தேடிக் குதிரையில் வருகிறான். கரிந்துபோன மரங்கள், சாம்பல் பூத்த தரை, பனிமூட்டத்துக்கு நடுவே அஷர் குடும்பத்து வீடு. கதவைத் திறக்கும் வேலைக்காரர் பிரிஸ்டல் உள்ளே விடத் தயங்குகிறார். விடாப்பிடியாக நுழைந்தவனிடம் அவர் கேட்கும் முதல் காரியம், பூட்ஸைக் கழற்றுங்கள் என்பது. பதிலுக்கு மெத்தென்ற செருப்பு தருகிறார். எஜமானருக்குக் காலடிச் சத்தம் ஆகாது. எஜமானர் ரோடரிக் அஷருக்கு வெளிச்சம் ஆகாது, உப்புக் காரம் ஆகாது, சொரசொரப்பான துணி ஆகாது. சுவருக்குள் எலி பிறாண்டுவதுகூடக் காதில் விழும். அந்தச் செருப்பு எனக்கு மிகவும் பிடித்த விவரம். ஒரே நிமிஷத்தில், இந்த வீட்டில் எல்லாரும் ஒருத்தருடைய நோவுக்கு ஏற்றபடிதான் நடக்க வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது. அடுத்த எழுபது நிமிஷமும் அதுதான் நடக்கிறது.

ரோடரிக்காக வரும் பிரைஸ் இதற்காக மீசையை எடுத்துவிட்டு, தலைமுடியை வெளிறிய வெள்ளையாக்கிக்கொண்டு வருகிறார். அவர் நடிப்பு பல படங்களில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும், கையை வீசிப் பேசுகிற ரகம். இங்கே பெரும்பாலும் கிசுகிசுப்புத்தான். சிவப்பு அங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தன் குரலே தனக்கு வலிக்கும் என்பதுபோலப் பேசுகிறார். எதிரே நீல உடுப்பில் பிலிப். சிவப்பும் நீலமும் ஒரே சட்டகத்தில் நின்றால் கண் தானாகச் சிவப்புக்குத்தான் போகிறது.

எடுத்த விதத்தைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. பத்து நாளில் எடுக்கும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பதிலாகப் பதினைந்து நாளில் ஒரே கலர் படம் என்பதுதான் கோர்மனின் பேரம். செலவு சுமார் 3 லட்சம் டாலர். பெரிய ஸ்டூடியோக்காரர்களுக்கு அது சில்லறை. கோர்மனுக்கோ அதுவரை கண்டிராத வசதி. அதே 1960இல் வந்த அவருடைய இன்னொரு படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் சுருட்டியவர் அவர். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்த மனிதர், பணம் எங்கே போகிறது என்று எண்ணத் தெரியும்.

மொத்தம் நாலே முக்கிய நடிகர்கள். கலை இயக்குநர் டேனியல் ஹாலர், பெரிய ஸ்டூடியோவில் சும்மா கிடந்த செட் துண்டுகளை மலிவாக வாங்கி வந்து ஒட்டுப்போட்டு மாளிகை கட்டினார். கேமராவுக்குப் பின்னால் ஃபிளாய்ட் கிராஸ்பி. 1931இல் வந்த டாபு படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், ஹை நூன் படத்தை ஒளிப்பதிவு செய்தவர். இந்தக் காசுக்கு இப்படி ஒருவர் கிடைத்தது கோர்மனின் அதிர்ஷ்டம். இரவல் செட் என்பதை மறைக்க வேண்டும் என்றே என்னவோ, கிராஸ்பி கேமராவை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கிறார். தூணைச் சுற்றி, மெழுகுவர்த்திகளைத் தாண்டி, படிக்கட்டோடு கூடவே ஏறி. நாம் செட்டைப் பார்ப்பதில்லை, வீட்டுக்குள் நடக்கிறோம்.

ஆரம்பத்தில் வரும் கரிந்த காடு செட் இல்லை. ஹாலிவுட் மலைப்பகுதியில் காட்டுத்தீ என்று கேள்விப்பட்ட கோர்மன், தீ அடங்கிய கையோடு ஒரு சின்னக் குழுவையும் மார்க் டேமனையும் ஒரு குதிரையையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே எடுத்துவிட்டார். ஊரே அழிவைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தபோது இவருக்கு லொகேஷன் கிடைத்தது. இரக்கமில்லாத கணக்குத்தான். ஆனால் பலன் திரையில் தெரிகிறது. பச்சை என்ற நிறமே அந்த மண்ணில் இல்லை. ஒரு காலத்தில் இந்த நிலம் விளைந்தது, அப்புறம்தான் பட்டுப்போனது என்று ரோடரிக் சொல்லும்போது நம்மால் மறுக்க முடிவதில்லை. நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோமே.

சரி, பாவத்துக்கு வருவோம். படத்தின் நடு மையம் ஒரு சுவர். அதில் வரிசையாக முன்னோர்களின் படங்கள். ரோடரிக் பிலிப்பை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைக்கிறார். இவர் திருடர், வட்டிக்கு விட்டவர், மனித உடம்பை விற்றவர். இவர் மோசடிக்காரர், கள்ளக் கையெழுத்துப் போட்டவர். இவர் காசுக்குக் கொலை செய்தவர். இந்த அம்மாள் மிரட்டிப் பணம் பறித்தவர், கொலைகாரி, பைத்தியக்கார விடுதியில் செத்தவர். இதோ கேப்டன், கடத்தல்காரர், அடிமை வியாபாரி, கும்பல் கும்பலாகக் கொன்றவர்.

அந்த ஓவியங்களை வரைந்தவர் பர்ட் ஷான்பெர்க். லாஸ் ஏஞ்சலீஸ் காபி ஹவுஸ்களின் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த ஓவியர். பழைய காலத்து எண்ணெய் ஓவியம் மாதிரி போலி செய்ய அவர் முயலவே இல்லை. முகங்கள் உருகி வழிகின்றன, கண்கள் குழியாகிக் கிடக்கின்றன, நிறங்கள் அடிபட்ட தோல் மாதிரி இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வீட்டில் இப்படியொரு ஓவியம் இருக்கவே முடியாது. ஆனால் அந்தத் தப்புதான் காட்சியைக் காப்பாற்றுகிறது. முன்னோர்கள் உண்மையில் எப்படி இருந்தார்கள் என்பதை அந்தச் சுவர் காட்டவில்லை, ரோடரிக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. படத்தில் ரோடரிக்கே ஓவியம் தீட்டுகிற ஆள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது பிரைஸின் குரலைக் கவனியுங்கள். வெட்கமா அது? எனக்கு அப்படிக் கேட்கவில்லை. குலப்பெருமை பேசும் பெரியவர்கள் இருப்பார்களே, தாத்தா ஜமீன்தார், கொள்ளுத்தாத்தா திவான் என்று. அதே ஏற்ற இறக்கம், அதே நிறுத்தம். பட்டம் பதவிக்குப் பதில் குற்றப் பட்டியல், அதுதான் வித்தியாசம். எங்கள் குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை என்பதுதான் இரண்டிலும் செய்தி. பிரைஸ் யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர், சொந்தமாக ஓவியங்கள் சேர்த்தவர். ஒரு படத்துக்கு முன்னால் நின்று பேசும் சேகரிப்பாளனின் தோரணை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

இந்தக் குற்றப் பட்டியல் போவின் கதையில் கிடையாது. அங்கே அஷர் குடும்பம் கலைக்கும் சத்தமில்லாத தருமத்துக்கும் பெயர்போன குடும்பம். கதை சொல்கிறவன் காதலன் இல்லை, ரோடரிக்கின் சின்ன வயதுச் சிநேகிதன். கடிதம் வந்ததால் பார்க்க வருகிறான். அண்ணன் தங்கை இருவரும் அங்கே இரட்டையர். வம்ச வழியாக வருவது நோய்தான், குற்றம் அல்ல. திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மாதிசன்தான் தருமவான்களைக் கொலைகாரர்களாக மாற்றினார். ஒரு முழுநீளப் படத்துக்குக் காதலன் வேண்டும், கல்யாணப் பேச்சு வேண்டும், அதற்குத் தடை வேண்டும். தடைக்குக் காரணமாக அவர் கொண்டுவந்ததுதான் இந்தப் பரம்பரைப் பாவம். தொழில் தேவைக்காகச் செய்த மாற்றம், கதையின் அர்த்தத்தையே புரட்டிப்போட்டது. நோய் வந்தால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பாவம் என்று வந்துவிட்டால் கணக்குக் கேட்கலாம்.

ரோடரிக் கணக்குத்தான் பார்க்கிறார். பிலிப்பும் மேடலினும் கல்யாணம் செய்தால் குழந்தை பிறக்கும், அந்த ரத்தம் உலகத்தில் மறுபடி பரவும், ஆகவே வம்சம் எங்களோடு முடியட்டும். தர்க்கமாகக் கேட்டால் தியாகம் மாதிரிகூட இருக்கும். தங்கையைக் கேட்டாரா என்பதுதான் கேள்வி. நிலவறைக்குப் போனால் அங்கே முன்னோர்களின் பெட்டிகளோடு மேடலின் பெயரெழுதிய சவப்பெட்டியும் தயாராக இருக்கிறது. அவளே அதை பிலிப்புக்குக் காட்டுகிறாள். உயிரோடிருக்கும் இளம்பெண்ணுக்குப் பெட்டி செய்து, பெயர் பொறித்து வைத்தது எந்த முன்னோரும் இல்லை.

இடையில் வீடு தன் பங்குக்கு வேலை செய்கிறது. பெரிய சரவிளக்கு பிலிப் தலைக்கு அருகே விழுகிறது. கணப்பிலிருந்து கங்கு தெறிக்கிறது. சுவரில் விரிசல் ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளக்கம் சொல்லலாம். வீட்டுக்கு ஆங்காரம் என்று சொல்லலாம். பழைய வீடு, மராமத்து பார்க்கவில்லை, இற்று விழுகிறது என்றும் சொல்லலாம். பிலிப் இரண்டாவதைச் சொல்கிறான், ரோடரிக் முதலாவதை. இங்கிலாந்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கட்டிய வீடு, பழைய கொடுமைகளும் கல்லோடு கூடவே வந்துவிட்டன என்கிறார். படம் ரொம்ப நேரத்துக்குத் தீர்ப்பு சொல்லாமல் இழுக்கிறது.

அப்புறம் அந்தக் காட்சி. அண்ணனோடு வாக்குவாதம் முற்றி மேடலின் விழுகிறாள். இறந்துவிட்டாள் என்கிறார்கள். பெட்டியில் கிடத்தியிருக்கிறது. பிலிப் துக்கத்தில் இருக்கிறான். அவள் விரல் மெல்ல அசைகிறது. நாம் பார்க்கிறோம். ரோடரிக்கும் பார்க்கிறார். பார்த்த மறுகணம், பிலிப் கவனிப்பதற்குள், மூடியைச் சாத்திவிடுகிறார்.

எனக்கு இந்தப் படத்தில் திகில் என்றால் இந்த ஒரு மூடிதான். பேய் இல்லை, ரத்தம் இல்லை, வீடு மூச்சுக்கூட விடவில்லை. விரல் அசைந்தது, மூடி விழுந்தது. துப்பறியும் கதையாக எடுத்துக்கொண்டால் விடை இங்கேயே கிடைத்துவிட்டது. மேடலினுக்கு உடல் விறைத்துச் சவம்போல் கிடக்கும் வியாதி உண்டு என்று பிரிஸ்டல் பின்னால் வாய்தவறிச் சொல்வதும், பிலிப் ஓடிப்போய்ப் பெட்டியை உடைத்தால் அது காலியாக இருப்பதும் அதை உறுதிசெய்யும் சாட்சியங்கள். பெட்டி மாற்றி ஒளித்து வைக்கிற அளவுக்குத் திட்டம் போட்ட மனிதர், எலி பிறாண்டுவதைக் கேட்கும் அதே காதால் தங்கை உள்ளிருந்து பிறாண்டுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அஷர் சுவரில் இன்னொரு படம் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பட்டியலில் எவரும் செய்யாத கொலையை, பாவம் பரவக் கூடாது என்பதற்காகவே ஒருவர் செய்துவிட்டார்.

பாட்டன் பூட்டன் செய்த பாவம் பிள்ளைகள் தலையில் என்பது நம்மிடமும் புழங்குகிற பேச்சுத்தான். ஆனால் நம் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் கூடவே ஒரு பரிகாரம் இருக்கும். அது நியாயமான பரிகாரமா என்பது வேறு விஷயம். ரோடரிக்கிடம் பரிகாரம் என்ற சிந்தனையே இல்லை. யாருடைய பணம் இது, யாரிடமிருந்து பிடுங்கியது, திருப்பிக் கொடுக்க யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அந்தச் சுவரில் கொன்றவர்கள் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது, செத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை.

கதை நடப்பது அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து என்று வைத்தால் இது வெறும் கற்பனையும் அல்ல. அந்தப் பகுதியிலுள்ள ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட், பிரிஸ்டல் துறைமுகங்களிலிருந்து அடிமைக் கப்பல்கள் வரிசையாகக் கிளம்பிய காலம் உண்டு. (வேலைக்காரர் பெயரும் பிரிஸ்டல்தான். தற்செயலாகவே இருக்கட்டும்.) பிரிஸ்டல் ஊரின் டி வொல்ஃப் குடும்பம் பத்தாயிரத்துக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்களைக் கடத்திக் கொண்டுவந்தது. அதில் ஒருவர் அமெரிக்க செனட்டர் பதவி வரைக்கும் போனார். அந்தக் குடும்பத்தில் பிறந்த கத்ரீனா பிரவுன், உறவுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பத்துப் பேராக ரோட் ஐலண்டிலிருந்து கானா, அங்கிருந்து கியூபா என்று முன்னோர்களின் வியாபாரப் பாதையிலேயே போய், 2008இல் ட்ரேசஸ் ஆஃப் தி ட்ரேட் என்ற ஆவணப்படமாக வெளியிட்டார். அதிலும் குற்ற உணர்ச்சி இருக்கிறது, தங்களுக்குள் சண்டை இருக்கிறது, சில இடங்களில் சுயபச்சாதாபம்கூட எட்டிப்பார்க்கிறது. ஆனாலும் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே போனார்கள், பாதிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டார்கள். ரோடரிக் செய்யாத வேலை அதுதான். வெளிச்சம் ஆகாது என்று திரையை இழுத்துவிட்டுக்கொண்டு வீணை மாதிரி ஒரு வாத்தியத்தை மீட்டிக்கொண்டிருப்பார்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிலிப்பாக வரும் மார்க் டேமன் துக்கம், கோபம், காதல் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சமாளிக்கிறார். மேடலினாக வரும் மைர்னா ஃபாஹிக்கு முதல் பாதியில் வெளிறிப்போய் நிற்பதைத் தவிர வேலை குறைவு. பெட்டியை உடைத்துக்கொண்டு, கையெல்லாம் ரத்தமாக, புத்தி பேதலித்து அண்ணன் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் ஒரு நடிகை இருந்தது தெரிகிறது. நீலமும் ஊதாவுமாகச் சாயம் பூசிய கனவுக் காட்சி அந்தக் காலத்தில் புதுமையாக இருந்திருக்கும். இன்று கொஞ்சம் நெளிய வைக்கிறது. முன்னோர்களின் ஆவிகள் சூழ்ந்து நிற்பதைவிட அந்த ஓவியங்களே போதும்.

ஆனால் முடிவில் வரும் தீ அசல். ஆரஞ்சு கவுண்டியில் ஒரு விவசாயி இடிக்கவிருந்த பழைய களஞ்சியத்தை, இடிப்பதற்குப் பதில் ராத்திரியில் கொளுத்துகிறேன் என்று 50 டாலர் கொடுத்துப் பேசி முடித்தார் கோர்மன். எரிந்து விழும் உத்தரங்களைப் படம் எடுத்தார்கள். அந்த 50 டாலர் தீ அதோடு அணையவில்லை. படம் நன்றாக ஓடியதால் போவின் பெயரில் 1964 வரைக்கும் மொத்தம் எட்டுப் படங்கள் வந்தன. அவற்றில் வேறு சில வீடுகளும் இதே உத்தரங்களோடுதான் எரிகின்றன. எட்டில் ஏழில் பிரைஸ் இருக்கிறார். 2005இல் ஹவுஸ் ஆஃப் அஷர் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

பார்ப்பதானால் அகலத்திரைப் பிரதியாகத் தேடிப் பாருங்கள். டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதிகளில் கிராஸ்பி கட்டிய சட்டகம் பாழ், பல இடங்களில் சிவப்பு அங்கி இருக்கும், நீலச் சட்டை வெளியே போயிருக்கும். பிடித்திருந்தால் அடுத்ததாக 1963இன் தி ஹான்டட் பேலஸ். பெயர் போவுடையது, கதையோ இன்னொரு திகில் எழுத்தாளரான லவ்கிராஃப்டுடையது. கல்லாப்பெட்டிக்காகச் செய்த மாறாட்டம். ஊரார் ஒரு மந்திரவாதியை எரிக்கிறார்கள், அவன் சபிக்கிறான், நூறு வருஷத்துக்குப் பிறகு எரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் கண்ணில்லாமலும் உருக்குலைந்தும் அலைகிறார்கள். மந்திரவாதியின் வம்சத்தில் வந்தவனாகப் பிரைஸ், சுவரில் மறுபடி ஒரு மூதாதை ஓவியம். அங்கே சாபம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிஜம். ரோடரிக் கட்சி முழுசாக ஜெயிக்கிறது. பயமுறுத்துவதில் அது ஒரு படி மேலே என்பார்கள். இருக்கலாம், ஆனால் அதில் யாரும் தன் கையால் மூடியைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே எனக்கு அது ஒரு படி கீழேதான்.